குருதித் துளியும் உயிரிரக்கமும்

திருவள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். இவ்விரு அறங்களும் முரணி நின்ற இடம், மருந்தின் நச்சுத்தன்மையை விலங்குகளிற் சோதிக்கும் ஆய்வுகூடமாகும். அம்முரண் படிப்படியாகத் தணிந்து வந்த வரலாறு அறியத்தக்கது.

1937 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் சல்பனிலமைட்டு என்னும் மருந்து, டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நச்சுத் திரவத்திற் கரைத்து விற்கப்பட்டது. அதன் சுவையும் தோற்றமும் நோக்கப்பட்டனவேயன்றி, நஞ்சு சோதிக்கப்படவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விற்பனைக்கு முன்னரே மருந்தின் தீங்கின்மை காட்டப்படல் வேண்டுமென 1938 இல் அங்கே சட்டம் எழுந்தது. மனிதரைக் காக்கும் அக்கடமையின் சுமை விலங்குகள்மீது இறங்கிற்று.

அச்சுமையைக் குறைக்க எழுந்த குரல்களுள் ஒன்று தமிழகத்தது. மதுரையிற் பிறந்து கலாசேத்திரத்தை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல், 1952 இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். விலங்குவதையைத் தடுக்க ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். பிரதமர் நேருவின் வேண்டுகோளின்படி அது மீளப்பெறப்பட்டதாயினும், அம்முயற்சியின் பயனாக 1960 இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடக் குழு அமைக்கவும் அச்சட்டம் வழிசெய்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே இங்கிலாந்தில் றசல், பேர்ச் என்னும் அறிஞர் இருவர், மாற்றீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்னும் மூன்று நெறிகளை வகுத்திருந்தனர்.

இரக்கம் சட்டமாயிற்று; எனினும் அதனைச் செயலாக்கக் கருவி வேண்டியிருந்தது. உட்செலுத்திய மருந்து குருதியில் எவ்வளவு நேரம், எவ்வளவு நிற்கின்றது என அறியப் பன்முறை குருதி எடுத்தல் வேண்டும். 25 கிராம் எடையுள்ள சுண்டெலியின் உடலிலுள்ள குருதியோ ஏறத்தாழ 1.8 மில்லிலீற்றரே. பழைய முறையில் ஒரு தடவைக்கே அதிற் பத்திலொரு பங்குக்கு மேல் தேவைப்பட்டது. ஆதலின், குருதி எடுப்பதற்கென்றே வேறு சுண்டெலிகள் பல சேர்க்கப்பட்டன. ஓரெலியின் உறுப்பிற் கண்ட கேட்டினை மற்றோரெலியின் குருதியோடு ஒப்பிட வேண்டிய குறையும் இருந்தது.

மிக நுண்ணிய அளவையும் காட்டும் திணிவு நிறமாலைமானி இந்நிலையை மாற்றியது. 50 மைக்குரோலீற்றர், அஃதாவது ஒரு துளியளவு, அல்லது அதனினும் குறைந்த குருதியே போதியதாயிற்று. மருந்து விதிகளை ஒருமைப்படுத்தும் சர்வதேச அவை 2017 இல் இம்முறைக்கு வழிகாட்டல் வெளியிட்டது. ஒரே விலங்கிற் பன்முறை குருதி எடுக்கவும், அதன் கேட்டையும் மருந்தளவையும் ஒருங்கே காணவும் இயன்றது. உயிர்கள் குறைந்தன, உண்மையும் தெளிவுற்றது.

இதனால் விலங்குச் சோதனை ஒழிந்துவிடவில்லை. துளி சிறிதாகுந்தோறும் அளவீட்டிற் கவனம் பெரிதாதல் வேண்டும். ஆயினும், அருளும் அறிவும் பகையல்ல என்பதற்கு அத்துளியே சான்றாகும்.