நாட்டார்: ஒரு பட்டத்தின் ஊர்வழி

கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் 1911 மே 14இல் தொடங்குவது வழக்கம். இராதாகிருட்டினப் பிள்ளை முன்னின்று சங்கத்தைத் தோற்றுவித்தார். அவர் தமையனார் வழக்கறிஞர் த.வே. உமாமகேசுவரம் பிள்ளை தலைவராகி, 1941இல் மறையும் வரை முப்பது ஆண்டு அதைத் தோளில் சுமந்தார். இவையெல்லாம் பலரும் விரிவாக எழுதியவை. நான் எடுத்துக்கொள்வது சங்கத்துப் பெரியவர் ஒருவருடைய பெயரின் கடைசிச் சொல்லை மட்டும். அவர் நாவலர் ந.மு. வேங்கடசாமி நாட்டார்.

'ந' என்பது நடுக்காவேரி, திருவையாற்று வட்டத்து ஊர். 'மு' தந்தையார் முத்துச்சாமி. 1884 ஏப்ரல் 12இல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் முதலில் இட்ட பெயர் சிவப்பிரகாசம். வேங்கடசாமி என்பது பின்னால் வந்தது. சொந்தப் பெயரே மாறியிருக்கிறது, ஊரும் தந்தையும் பட்டமும் அப்படியே நின்றிருக்கின்றன. திருச்சியில் இருபத்திரண்டு ஆண்டு ஆசிரியப் பணி, பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், நிறைவுக் காலத்தில் கரந்தைப் புலவர் கல்லூரியில் ஊதியம் பெறாத முதல்வர் என்று எங்கே போனாலும் மாணவர்கள் அவரை 'நாட்டார் ஐயா' என்றே அழைத்தார்கள். பட்டமே அழைக்கும் பெயராகிவிட்டது.

நாட்டார் என்பது ஆதியில் தனி ஒருவர் பெயரே அல்ல. சோழர் கல்வெட்டுகளில் ஊரார், சபையார், நகரத்தார், நாட்டார் என்று நான்கு கூட்டத்தார் அடிக்கடி வருவார்கள். வேளாண் ஊரின் நிலவுடையோர் ஊரார், பிராமணர் ஊரான பிரமதேயத்தில் சபையார், வணிகர் ஊரில் நகரத்தார். இப்படிப் பல ஊர் சேர்ந்த நாட்டுக்கு நாட்டார். அந்த நாடு இன்றைய மாவட்டம் அளவு பெரியதல்ல. அக்கம்பக்கத்து ஊர்கள் சில சேர்ந்த தொகுதிதான். எ. சுப்பராயலு கல்வெட்டு கல்வெட்டாக ஊர்ப்பெயர் தேடி 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் நிலவியல் நூலில் இந்தச் சோழமண்டலத்துக்குள் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் வரைபடத்தில் வந்து உட்கார்ந்தன. தண்ணீர் வளமுள்ள ஆற்றோரத்தில் நாடுகள் சிறியவை, நெருக்கமானவை. தெற்கே வறண்ட மேட்டு நிலத்துக்குப் போகப்போக அவை அகன்று கிடக்கின்றன.

நாட்டார் என்ன வேலை பார்த்தார்கள் என்று அறிய ஆனைமங்கலச் செப்பேட்டைப் படிக்க வேண்டும். ஹாலந்துக்குப் போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் அதை லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அரசன் வாய்திறந்து சொன்ன மாத்திரத்தில் ஊர் கைமாறிவிடவில்லை. ஓலை நாட்டாருக்கு வருகிறது. அவர்கள் எதிர்கொண்டு போய்த் தொழுது வாங்கித் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பெண்யானையை ஊரெல்லை நெடுக நடக்கவிட்டு அதன் பின்னே நடக்கிறார்கள். அது நடந்த வழியில் கல் நடுகிறார்கள், கள்ளி நடுகிறார்கள். கிழக்கே எந்த ஊரின் எல்லை, தெற்கே எந்த வாய்க்காலின் கரை என்று ஒன்றுவிடாமல் சொல்லி எழுதுவித்துக் கையெழுத்து இடுகிறார்கள். இந்தச் செப்பேட்டின் எல்லைப் பகுதியைப் படிக்கும்போது வடிகாலும் மேடும் பள்ளமும் கண்முன் வந்து நிற்கும். வயலில் கால் வைத்தவர்களால் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும். வரி, நீர், நிலம் மூன்றிலும் அரண்மனைக்கும் ஊருக்கும் இடையில் நின்றவர்கள் அவர்கள். நாட்டார் பட்டத்தைப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் எந்தக் குடும்பமும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தப் பொறுப்பைத்தான் என்பது என் எண்ணம்.

சோழர் காலத்தில் தனியாளுக்குக் கிடைத்த பட்டங்கள் வேறு வகை. தஞ்சைப் பெரிய கோயிலின் ஸ்ரீகாரியம் என்ற நிர்வாகப் பொறுப்பைப் பார்த்த ஆதித்தன் சூரியனுக்குத் தென்னவன் மூவேந்தவேளான் என்று பட்டம். அதே கோயிலின் திருச்சுற்று மாளிகையைக் கட்டுவித்த சேனாபதி கிருஷ்ணன் ராமனுக்கு மும்முடிச்சோழ பிரமராயன். பல்லவராயர், தொண்டைமான், காலிங்கராயர், சேதிராயர், மழவராயர் என்று வரிசை நீளும். நொபுரு கராஷிமாவும் சுப்பராயலுவும் தொரு மத்சுயியும் 1978இல் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து அச்சிட்டார்கள். கல்வெட்டு படிப்பவர் மேசையில் கட்டாயம் இருக்க வேண்டிய நூல் அது. இராஜராஜன் காலத்தில் திரும்பின பக்கமெல்லாம் மூவேந்தவேளான் இருந்தார்; பிற்காலச் சோழர் கல்வெட்டுகளிலேயே அந்தப் பட்டம் அருகிப்போயிற்று, இன்று வழக்கிலேயே இல்லை. ஆனால் பல்லவராயரும் சேதிராயரும் மழவராயரும் இன்றைக்கும் குடும்பப் பெயராகப் புழங்குகிறார்கள், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்களில்.

சோழர் ஆட்சி 13ஆம் நூற்றாண்டில் முடிந்தது. நாடு முடியவில்லை. தஞ்சைக்குத் தெற்கே காசாநாடு, தென்னமநாடு, ஒக்கநாடு, பாப்பாநாடு, ஒரத்தநாடு என்று ஊர்ப்பெயர்களிலேயே அது நிற்கிறது. மேட்டூர் அணையோடு 1934இல் கல்லணைக் கால்வாய் வரும்வரை இது பெரும்பாலும் ஏரியையும் மழையையும் நம்பிய சீமை. ஆற்றுப் பாசனம் பாயும் பழைய டெல்டாவில் நாடு என்ற பிரிவு மிராசு, மாகாணம், தாலுகா என்று வந்த அடுக்குகளின் அடியில் மறைந்துபோனது. இந்த மேட்டுச் சீமையில் அது மறையவில்லை. கோயில் திருவிழாவில் எந்த நாட்டுக்கு முதல் மரியாதை, யாருக்குப் பரிவட்டம், தேர்வடத்தை முதலில் தொடும் உரிமை யாருக்கு என்பதில் இன்றைக்கும் நாடுதான் கணக்கு.

நாட்டார் ஐயா 1923இல் வெளியிட்ட 'கள்ளர் சரித்திரம்' கள்ளர் சமூகத்தின் இந்த நாடுகளையும் பட்டங்களையும் தொகுத்துத் தந்த நூல். அது வந்த காலத்தை மறந்துவிட்டு அந்த நூலைப் படிக்கக் கூடாது. குற்றப்பரம்பரைச் சட்டம் நடப்பில் இருந்த காலம். கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. மதுரைப் பக்கத்துக் கள்ளரில் ஒரு பிரிவின்மேல் ஏற்றிய பழி, பெயர் ஒன்றாக இருந்ததாலேயே மற்றவர்மேலும் படிந்துகொண்டிருந்தது. ஒரு மக்கள் கூட்டத்தைச் சர்க்கார் குற்றப்பட்டியலில் எழுதிக்கொண்டிருந்தபோது, அவர்களுடைய பட்டங்களையும் நாடுகளையும் பட்டியலிட்டு அச்சில் ஏற்றினார் இந்தத் தமிழாசிரியர். பழைய அரச குலங்களோடு அவர் காட்டும் தொடர்புகள் எல்லாவற்றையும் இன்றைய கல்வெட்டறிஞர்கள் ஒப்பமாட்டார்கள். பட்டியலின் மதிப்பு அதனால் குறையாது. நூற்றுக்கணக்கான பட்டங்கள், வழக்கில் இருக்கும்போதே, அந்த வழக்குக்குள் பிறந்த ஒருவர் கையால் எழுதப்பட்டவை.

இந்தப் பட்டங்கள் சும்மா அலங்காரத்துக்கு இருந்தவையும் அல்ல. ஒரே பட்டம் உடையவர்கள் பங்காளிகள். கொண்டு கொடுக்க மாட்டார்கள். ஆகவே பெண் பார்க்கப் போகுமிடத்தில் முதல் கேள்வியே பட்டம் என்ன என்பதுதான். ஊரும் பட்டமும் ஒட்டிக்கொண்டே இருக்கும். வாண்டையார் என்றதும் பூண்டியும், அங்கே 1956இல் எழுந்த புட்பம் கல்லூரியும் நினைவுக்கு வரும். வாண்டையார் இருப்பு என்று ஊரே ஒன்று உண்டு. ஒரத்தநாட்டுப் பக்கம் சேதுராயன்குடிக்காடு. பாப்பாநாடு என்றால் விஜயதேவர், மதுக்கூர் என்றால் கோபாலர். பண்டாரத்தார் பட்டம் கந்தர்வகோட்டை, பாலையவனம் சமீன்களில் தெற்கே இருக்கிறது. கொள்ளிடத்தை ஒட்டி வடக்கே திருப்புறம்பயத்திலும் இருக்கிறது. 1892இல் அந்த ஊரில் பிறந்து, கும்பகோணம் பாணாதுறைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, 'பிற்காலச் சோழர் சரித்திரம்' எழுதிய தி.வை. சதாசிவப் பண்டாரத்தாரால் அந்தப் பட்டம் தமிழ்நாடெங்கும் தெரிந்தது. சோழர் வரலாற்றைத் தமிழில் முழுமையாக எழுதியவர் பெயரிலேயே பண்டாரம் என்ற கருவூலச் சொல் நிற்பது எனக்கு எப்போதும் நிறைவு தருவது.

நாட்டார் பட்டம் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. நாகப்பட்டினம், காரைக்கால் கரைக்குப் போனால் மீனவர் குப்பங்களின் பஞ்சாயத்துத் தலைவர்களும் நாட்டார்தான். எந்த வலையை எந்தப் பருவத்தில் இறக்கலாம், ஊர்வரி எவ்வளவு, தகராறில் யாருக்கு அபராதம் என்பதெல்லாம் அவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு அரிசியும் படகும் வீடும் யாருக்கு எவ்வளவு என்று பங்கிட்டதிலும் இந்தப் பஞ்சாயத்துகளுக்குப் பெரும்பங்கு இருந்தது. வடக்கே செங்கல்பட்டுச் சீமையில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினி அதிகாரிகள் வரி பேச உட்கார்ந்தபோது எதிரே உட்கார்ந்தவர்களும் நாட்டார்களே. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் சொல்லே தோள்மாறிவிடுகிறது. நாட்டாரின் பதவியைச் சொல்லும் நாட்டாமை என்றால் கொழும்புக் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தொழிலாளி. இன்றைய கல்லூரி மாணவர் நாட்டார் என்று கேட்டால் நாட்டுப்புறப் பாடலையும் வழக்காற்றையும் நினைப்பார்.

சோழர் காலத்தில் இந்தப் பெயருக்கு உரியவர்கள் பெரும்பாலும் வெள்ளாள நிலவுடையோர். பிற்காலத்தில் கள்ளர் குடும்பங்களில் பட்டமாக நின்றது. கரையோரத்தில் மீனவர் கையில் பதவியாக இருக்கிறது. ஒரே சொல் இத்தனை பேரிடம் போயிருக்கிறது என்றால், அது ஒரு சாதிக்கு எழுதிவைத்த சொத்து அல்ல, கூடி முடிவெடுக்கும் பொறுப்பு யார் கைக்குப் போனதோ அவர்களோடு போன சொல் என்றுதான் நான் கொள்கிறேன். பட்டத்தை வைத்து உயர்வு தாழ்வு பேசுகிறவர்களிடம் இதை உரக்கவே சொல்ல வேண்டும்.

இராஜேந்திர சோழன் தன் 8ஆம் ஆட்சியாண்டில் வெளியிட்ட பெரிய செப்பேட்டுத் தொகுதி ஒன்று நம் சங்கத்துக்கு வந்து சேர்ந்தது. அதனால் உலகம் அதைக் கரந்தைச் செப்பேடு என்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட ஏடுகள். தன் தாயின் பெயரால் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்ற ஊரை அமைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட பிராமணரை அரசன் குடியேற்றினான். அவர்கள் ஒவ்வொருவருக்கும் சொந்த ஊர், கோத்திரம், பெயர் என்று செம்பில் வெட்டியிருக்கிறது. முதலில் ஊர், பிறகு வழி, பிறகு ஆள். 'நடுக்காவேரி முத்துச்சாமி வேங்கடசாமி நாட்டார்' என்பதும் ஏறக்குறைய அதே வாய்பாடுதான். ஆயிரம் ஆண்டாக இந்த மண்ணில் ஒருவரை அடையாளம் சொன்ன முறை இது. கோத்திரத்தின் இடத்தில் தந்தை வந்தார், பட்டம் வந்தது. ஊர் மட்டும் முன்னாலேயே நின்றது.

இந்த வாய்பாடு கடலுக்கு அப்பால் எப்படி உடைந்தது என்பதும் நம் வட்டாரக் கதைதான். 19ஆம் நூற்றாண்டில் காரைக்கால் துறைமுகத்திலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களில் ரெயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றினார்கள். போனவர்களிடம் ஒற்றைப் பெயர்தான் பதியப்பட்டது. பிரெஞ்சுச் சட்டத்துக்குக் குடும்பப் பெயர் வேண்டும். அந்த ஒற்றைப் பெயரே குடும்பப் பெயராக உறைந்தது. குவாதலூப்பில் முத்துசாமி என்பது இன்றைக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர். நடுக்காவேரியில் ஒரு முத்துச்சாமி 'மு' என்ற ஓரெழுத்தாகி மகன் பெயருக்கு முன் நின்றார். அங்கே போன முத்துசாமிகள் வம்சம் முழுவதற்கும் பெயரானார்கள். ஊரும் பட்டமும் கப்பல் ஏறவில்லை.

இங்கே பட்டம் குறைந்ததற்குக் காரணம் வேறு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. மாநாட்டில் மேடையிலேயே பட்டத்தை விட்டவர்கள் உண்டு. அந்தத் தீர்மானம் சமத்துவத்துக்கான நல்ல தீர்மானம். பள்ளிப் பதிவேட்டிலும் வேலை விண்ணப்பத்திலும் சாதி தெரியாமல் போனதால் வழி பிறந்த குடும்பங்கள் எத்தனையோ. நம் சங்கத் தலைவரையே இன்று உமாமகேசுவரனார் என்றுதான் எழுதுகிறோம். நாட்டாரைப் பற்றி எழுதும்போது மட்டும் கை தயங்குகிறது, பட்டத்தை எடுத்துவிட்டால் ஆள் யாரென்றே தெரியாமல் போய்விடுவார்.

அன்றாடப் புழக்கத்தில் விட்ட பட்டத்தை மக்கள் ஓரிடத்தில் வைத்திருக்கிறார்கள்: கல்யாணப் பத்திரிகை. ஒரத்தநாடு, திருவோணம் பக்கத்துப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் பொறியியல் பட்டம் இருக்கும். தாத்தா பெயருக்குப் பின்னால் பழைய பட்டம் இருக்கும். தாய்மாமன் வரிசையில் வேறு பட்டம், பெண்வீட்டில் இன்னொரு பட்டம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஊரும் தெருவும். கீழே உறவின்முறையார் பட்டியலில் சிங்கப்பூரும் துபாயும் வரும். ஒரு பட்டம் எந்த ஊரில் இருந்தது, எந்த ஊருக்குப் பெண் போயிற்று, எந்தத் தலைமுறையில் ஊரைவிட்டுக் கிளம்பியது என்பதற்கு இதைவிட நல்ல ஆவணம் கிடையாது. கல்யாணம் முடிந்த மறுமாதம் அது குப்பைக்குப் போகிறது.

சங்கம் இதைக் கையில் எடுக்கலாம். பழைய பத்திரிகைகள், கிரயப் பத்திரங்கள், கோயில் மரியாதை பற்றிய தீர்ப்பு நகல்கள், சமீன் கணக்குகள் ஆகியவற்றைக் குடும்பங்களிடமிருந்து வாங்கி, பட்டம் வாரியாகவும் ஊர் வாரியாகவும் நம் நூலகத்தில் அடுக்கினால் 1923ஆம் ஆண்டுப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு புதிய பட்டியல் கிடைக்கும். கள்ளர் பட்டங்களோடு நிறுத்தக் கூடாது. கபிஸ்தலத்து மூப்பனார், தீபங்குடிச் சமணரான நயினார், நாகூர் மரைக்காயர், கரையோர நாட்டார் எல்லாரும் அதில் வர வேண்டும். வெண்ணாற்றங்கரையில் நாட்டார் பெயரிலேயே ஒரு தமிழ்க் கல்லூரி நடக்கிறது. 1981இல் பிறந்த, கல்வெட்டுத் துறையுள்ள தமிழ்ப் பல்கலைக்கழகமும் தஞ்சையிலேயே இருக்கிறது. மூன்றும் சேர்ந்து ஆளுக்கு ஒரு வட்டம் பிரித்துக்கொண்டால் திருவையாறு, ஒரத்தநாடு வட்டங்களிலிருந்தே தொடங்கலாம்.