கரி இஸ்திரிப் பெட்டி

கரி இஸ்திரிப் பெட்டி என்பது, உள்ளே இட்ட கரித் தணலின் வெப்பத்தால் துணியின் சுருக்கத்தை நீக்கும், பித்தளையிலோ வார்ப்பிரும்பிலோ செய்யப்பட்ட கனத்த கருவியாகும். இதன் உடன்பிறப்பான கட்டியிரும்புத் தேய்ப்பான் அடுப்பிலிருந்து எடுத்ததுமே ஆறத் தொடங்குவதால், இரண்டு மூன்றை மாறிமாறிச் சூடேற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மேரி புளோரன்ஸ் பாட்ஸ் 1871இல் கழற்றி மாட்டும் கைப்பிடிக்குக் காப்புரிமை பெற்றது இந்தத் தொல்லையைக் குறைக்கவே. நெருப்பையே சுமந்து செல்லும் கரிப்பெட்டிக்கு அந்தக் கைப்பிடி தேவைப்படவில்லை.

பெட்டியின் நுட்பம் காற்றோட்டத்தில் உள்ளது. பக்கச் சுவரின் அடியோரத் துளைகள் காற்றை உள்ளிழுத்துத் தணலை அணையாமல் காக்கின்றன. ஆனால் துளை பெரிதானால் சாம்பலும் பொறியும் வெள்ளை வேட்டியில் விழுந்துவிடும் என்பதால், அவற்றின் அளவும் உயரமும் வார்ப்பவரின் கைத்தேர்ச்சியைக் காட்டுகின்றன. தடித்த அடித்தகடு வெப்பத்தைச் சேமித்துச் சீராகப் பரப்ப, கீல் வைத்த மூடியின் மேல் உயர்த்திப் பொருத்திய மரக்கைப்பிடி கையைச் சூட்டிலிருந்து காக்கிறது. தேய்ப்பவர் பெட்டியை முன்னும் பின்னும் வீசித் தணலை ஊதிவிட்டு, ஈரத்துணியில் ஒருமுறை இழுத்துச் சூட்டின் பதம் பார்ப்பார்.

பெட்டிக்கு வேண்டிய கரியைப் பொறுத்தவரை, விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழி, நரிக்குடிப் பகுதிகளில் சீமைக் கருவேல விறகை மண்ணால் மூடி, காற்றுக் குறைவாக எரிக்கும் கரிமூட்டத் தொழில் நடைபெறுகிறது. கரித்தூள், வெடியுப்பு, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருமருந்து என்பதால், சிவகாசிப் பட்டாசுக்கும் தெருவோரத் தேய்ப்பு வண்டிக்கும் கரி பொதுவானது. மின் இஸ்திரிப் பெட்டிக்கு ஹென்றி சீலி 1882இல் காப்புரிமை பெற்ற பின்னரும், மின் இணைப்பில்லாத அவ்வண்டிகளில் கரிப்பெட்டி நிலைத்தது. இப்போது எரிவாயுப் பெட்டி அதன் இடத்தைப் பிடித்து வருகிறது.