பெர்னாலின் பண்டமாற்று மன்றம்

1995 மே 1 அன்று, அர்ஜென்டினாவின் பெர்னால் நகரில் அக்கம்பக்கத்தார் இருபது பேரளவில் கூடிப் பண்டமாற்று மன்றம் ஒன்றைத் தொடங்கினார்கள். வீட்டில் விளைந்த காய்கறியும் சுட்ட ரொட்டியும் தைத்த துணியும் கைமாறின. நாட்டு நாணயமான பெசோவை அரசு டாலருக்குச் சமமாக நிறுத்தியிருந்த காலம் அது; ஆலைகள் மூடின, நாட்டின் நகர்ப்புற உழைப்பாளரில் ஏறத்தாழ 18 சதவீதம் பேருக்கு வேலையில்லை. கைத்திறன் இருந்தது, காசுதான் இல்லை. யார் எவ்வளவு கொடுத்தார், பெற்றார் என்று முதலில் ஏட்டில் குறித்துவந்தார்கள். கூட்டம் பெருகியதும் 'கிரெதிதோ' என்ற அச்சிட்ட சீட்டு வந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது என்பேன்.

2001 டிசம்பரில் வங்கிக் கணக்குகளை அரசு முடக்க, லட்சக்கணக்கானோர் இதுபோன்ற மன்றங்களில் வந்து சேர்ந்தார்கள். கள்ளச்சீட்டுகள் பெருகின, விலை எகிறியது; 2002 முடிவதற்குள் பல மன்றங்கள் மூடப்பட்டன. பண்டமாற்றே காலாவதியான முறை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் தோற்றது பண்டமாற்று அல்ல, முகமறியாதோர் கையில் சிக்கிய காகிதம். பண்டமாற்று ஏழைகளின் தற்காலிக ஏற்பாடுதானே என்ற வாதத்தில் பாதி உண்மை உண்டு: 2002-இல் வேலையற்ற குடும்பத் தலைவர்களுக்கு அரசு மாதம் 150 பெசோ கொடுக்கத் தொடங்கியதும் பலர் விலகினார்கள். மாவும் எண்ணெயும் கொல்லையில் விளைவதில்லை. அவற்றுக்குப் பெசோ வேண்டியிருந்தது. உங்கள் தெருவில் இப்படியொன்று தொடங்குவதானால் சீட்டு அச்சிடாதீர்கள், கணக்கேடு போதும்.