கலிப்பொலித் தரையிறக்கம், 1915: நேச நாடுகளின் பங்கும் இழப்பும்

முதல் உலகப் போரில் உஸ்மானியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோப்பிளுக்குக் கடல்வழி திறப்பதற்காக, நேச நாட்டுப் படைகள் 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்பொலித் தீபகற்பத்தின் கரைகளில் இறங்கின. எட்டு மாதத்துக்கும் மேல் நீடித்த இப்போர் நேச நாடுகளின் தோல்வியில் முடிந்தது. கடைசிப் படைவீரர்கள் 1916 ஜனவரி 9 அன்று ஹெல்ஸ் முனையிலிருந்து கப்பலேறினர். இந்தப் படையெடுப்பில் யார் அதிகம் கொடுத்தார்கள் என்ற வழக்கு நூறாண்டுகளாக நடக்கிறது. உலக நினைவில் கலிப்பொலி என்றால் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. எண்களைப் பார்த்தால் படம் மாறுகிறது. பரவலாக ஏற்கப்படும் கணக்குகளின்படி பிரித்தானியர் 21,000-க்கும் மேல் இறந்தனர். நோயால் மாண்டவர்களையும் சேர்க்கும் கணக்குகள் அதை 34,000 வரை கொண்டுபோகின்றன. பிரான்ஸ் சுமார் 10,000 பேரையும், ஆஸ்திரேலியா 8,000-க்கும் மேற்பட்டோரையும், நியூசிலாந்து சுமார் 2,800 பேரையும், இந்தியப் படை சுமார் 1,600 பேரையும் இழந்தன. நியூபவுண்ட்லாந்தின் இழப்பு 49 பேர். ஆஸ்திரேலியாவைவிடப் பிரான்ஸ் கூடுதலாக இழந்தது என்பது இன்றும் பலருக்குப் புதிய செய்தி.

ஆனால் இழப்பை வைத்துப் பங்கை அளப்பதே தவறான முறை என்பதற்கு இப்போரைவிடத் தெளிவான சான்று அரிது. எதிர்த்தரப்பைப் பாருங்கள்: உஸ்மானியப் படையின் அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர் 86,000-க்கும் மேல். நேச நாடுகளின் மொத்த இழப்பைவிட மிகுதி, ஆயினும் வென்றவர்கள் அவர்களே. இறப்பு என்பது எங்கே நிறுத்தப்பட்டோம், எதிரே யார் இருந்தார்கள், மேலதிகாரி என்ன முடிவெடுத்தார் என்பவற்றின் விளைவு. தரையிறங்கும் முன்பே இது தெரிந்துவிட்டது. மார்ச் 18 அன்று போர்க்கப்பல்கள் மட்டும் கான்ஸ்டான்டினோப்பிளுக்குச் செல்லும் நீரிணைக்குள் நுழைய முயன்றபோது பிரெஞ்சுக் கப்பல் பூவே கண்ணிவெடியில் சிக்கிச் சில நிமிடங்களில் 600-க்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. அதே நாளில் பிரித்தானியா இரண்டு போர்க்கப்பல்களை இழந்தது. அவற்றின் மாலுமிகளில் பெரும்பாலோர் மீட்கப்பட்டனர். கப்பல் கணக்கில் பிரித்தானியாவுக்கு நட்டம் கூடுதல், ஆள் கணக்கில் பிரான்சுக்கு.

ஏப்ரல் 25-இன் கரைகள் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகின்றன. ஹெல்ஸ் முனையில் இறங்கிய பிரித்தானிய 29-வது பிரிவு பெரும்பாலும் ஒரே வகைப் படை, ஒரே பயிற்சி. அதன் 'வி' கரையில், ரிவர் கிளைட் என்ற பழைய நிலக்கரிக் கப்பலிலிருந்தும் படகுகளிலிருந்தும் இறங்கிய அயர்லாந்தின் டப்ளின், மன்ஸ்டர் படைவீரர்கள் இயந்திரத் துப்பாக்கிக்கு இரையாகிக் கடல்நீரைச் சிவப்பாக்கினர். 'டபிள்யூ' கரையில் லங்காஷயர் படையினரில் பாதிக்கும் மேல் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். அந்தக் காலைக்காக மட்டும் வீரத்துக்கான விக்டோரியா சிலுவைகள் ஆறு வழங்கப்பட்டன. சில கிலோமீட்டர் தள்ளி 'ஒய்' கரையில் சுமார் 2,000 பேர் எதிர்ப்பே இன்றி இறங்கினர். அவர்களை என்ன செய்யச் சொல்வது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. பகலெல்லாம் காத்திருந்து, இரவுத் தாக்குதலில் அடிபட்டு, மறுநாள் கப்பலேறினர். அன்று ஹெல்ஸில் மிக நல்ல வாய்ப்பு கிடைத்த கரை அதுதான் என்பது என் கருத்து. ஆசியக் கரையில் கும் காலேயில் இறங்கிய பிரெஞ்சுக் குடியேற்றப் படை எதிரியைத் திசைதிருப்பும் பணியை முடித்து, நூற்றுக்கணக்கானோரைச் சிறைப்பிடித்து, உத்தரவுப்படி விலகியது. சாதனை என்று பார்த்தால் அன்றைய முதலிடம் அதற்கே. பலிப்பட்டியலில் அது முன்வரிசையில் வராது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மொத்த எண்ணைப் பார்ப்பது பெரிய நாட்டுக்குச் சாதகம். பத்து லட்சத்துச் சொச்சம் மக்களே இருந்த நியூசிலாந்து இழந்ததை விகிதத்தில்தானே பார்க்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஒரு நாடு எவ்வளவு துயருற்றது என்பதை மக்கள்தொகை விகிதம் சொல்லும். போர்க்களத்தில் எவ்வளவு செய்தது என்பதைச் சொல்லாது. பங்கேற்றோரில் எத்தனை பேர் வீழ்ந்தனர் என்ற விகிதமோ, பகுதி எண் சரியாக இருந்தால் மட்டுமே பயன்படும். அது நெடுங்காலம் சரியாக இல்லை. கலிப்பொலியில் போரிட்ட நியூசிலாந்தினர் 8,556 பேர் என்றே சுமார் ஒரு நூற்றாண்டு நம்பப்பட்டது. இறந்தோரும் காயமுற்றோரும் சேர்ந்து 7,400-க்கும் மேல் என்பதால் ஏறக்குறைய எல்லோரும் வீழ்ந்தனர் என்ற சித்திரம் உருவானது. பின்னர் ஆவணங்களை ஆராய்ந்தபோது சென்றவர் 16,000-க்கும் மேல் என்று தெரிந்தது. ஆறில் ஒருவர் இறந்தார். கொடூரமான விகிதம்தான். ஆனால் ஆஸ்திரேலியாவின் விகிதமும் ஏறத்தாழ இதே. சுமார் 79,000 பேரை அனுப்பிய பிரான்சில் எட்டில் ஒருவர் இறந்தார்.

இந்தியக் கணக்கிலும் இதே திருத்தம் நடந்தது. பழைய பட்டியல்கள் சென்ற இந்தியர் 5,000 பேர் என்றன. வரலாற்றாசிரியர் பீட்டர் ஸ்டான்லியின் ஆய்வு அதைச் சுமார் 16,000 ஆக்கியது. அதாவது கலிப்பொலியில் நின்ற இந்தியர் எண்ணிக்கையும் நியூசிலாந்தினர் எண்ணிக்கையும் கிட்டத்தட்டச் சமம். விடுபட்டவர்களில் பலர் துப்பாக்கி ஏந்தாதவர்கள்: கோவேறு கழுதைகளில் தண்ணீரும் உணவும் குண்டுகளும் செங்குத்து மேடுகளுக்கு ஏற்றியவர்கள். அவர்கள் இல்லாதிருந்தால் அன்சாக் (ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை) கரையில் முன்னணி ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்காது. அங்கே முதல் நாளில் முதலில் சுட்ட பீரங்கிகளும் இந்திய மலைப் பீரங்கி அணியுடையவை. 14-வது சீக்கியப் படையினர் ஜூன் 4 அன்று கிருத்தியா என்ற ஊரை நோக்கிய தாக்குதலில் தம்மில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரை இழந்தனர். உஸ்மானிய சுல்தான் கலீபாவாகவும் இருந்ததால், இஸ்லாமியர் மிகுந்த இரண்டு பஞ்சாப் பட்டாலியன்களை மே மாதத்தில் திருப்பி அனுப்பினர். ஆனால் பீரங்கி அணிகளிலும் கழுதைப் படையிலும் இருந்த இஸ்லாமியர் கடைசிவரை அங்கேயே உழைத்தனர்.

இன்னொரு மறுப்பு: இறந்தவர்களை நாடுவாரியாக ஒப்பிடுவதே அநாகரிகம். ஒப்பிடாமல் விட்டபோது நடந்ததைப் பார்த்தால் இதை ஏற்க முடியாது. ஆஸ்திரேலியாவுக்குச் சார்ல்ஸ் பீன் என்ற அதிகாரபூர்வ வரலாற்றாசிரியர் இருந்தார். 1916 முதலே ஏப்ரல் 25 நினைவு நாளாயிற்று. பிரான்சுக்கு வெர்டன் போர் இருந்ததால் கலிப்பொலி மங்கிப்போனது. அயர்லாந்து சில ஆண்டுகளில் பிரிந்து சென்றதால், பிரித்தானியச் சீருடையில் செத்த டப்ளின்காரர்களைக் கொண்டாட இரு பக்கமும் தயங்கின. 1981-இல் வந்த 'கலிப்பொலி' திரைப்படம், நெக் முகட்டில் ஆஸ்திரேலியர் மடிந்தது பிரித்தானியர் ஆணையால் என்ற எண்ணத்தைப் பலர் மனத்தில் பதித்தது. ஆகஸ்ட் 7-இன் அந்தத் தாக்குதலைத் தொடரச் செய்தவர்கள் ஆஸ்திரேலிய அதிகாரிகள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அவர்களுக்குத் துணையாக ஏறிய வெல்ஷ் படையினரும் அதே காலையில் மாண்டனர்.

உயிர்விடாமல் செய்த பங்கும் உண்டு. சென்னையை 1914 செப்டம்பரில் சுட்ட ஜெர்மன் கப்பல் எம்டனை நவம்பர் 9 அன்று அழித்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, அன்சாக் படையை எகிப்துக்குக் கொண்டுசென்ற கப்பல் வரிசையின் காவல் கப்பல். அதே வரிசையில் காவலுக்கு வந்த இன்னொன்று ஜப்பானின் இபுக்கி. எந்தக் கலிப்பொலிப் பட்டியலிலும் ஜப்பான் இல்லை. பட்டியலின் கட்டங்களே இப்படிச் சிலரை மறைக்கின்றன: செனகல் வீரர்கள் பிரான்சுக்குள், எகிப்தில் திரட்டப்பட்ட யூத அகதிகளின் கழுதைப் படை பிரித்தானியாவுக்குள். ஆகஸ்ட் 9 அன்று சாரி பைர் உச்சியை எட்டி நீரிணையைக் கண்ணால் கண்ட கூர்க்காக்கள் பெரும்பாலும் நேபாளக் குடிமக்கள். அவர்களில் இறந்தோர் இன்றும் இந்தியக் கணக்கிலேயே எண்ணப்படுகின்றனர்.