நிறம் மாறிய நாகரிகம்

வெளுத்த மேனி அழகா, வெயில் பட்டுக் கறுத்த மேனி அழகா? இந்தக் கேள்வியை ஐரோப்பாவிடம் கேட்டால் ஒரு விடை வராது. இரண்டு விடைகள் வரும். 1830-இல் வாழ்ந்த சீமாட்டி ஒரு விடை சொல்வாள். 1930-இல் வாழ்ந்த அவளுடைய கொள்ளுப்பேத்தி அதற்கு நேர் எதிரான விடை சொல்வாள். முன்னவள் வெயிலுக்கு அஞ்சிக் குடைக்குள் பதுங்கினாள்; கையுறை மாட்டினாள்; முகத்திரை இட்டாள். பின்னவள் அதே வெயிலைத் தேடிச் சென்று கடற்கரை மணலிலே நாள் முழுதும் கிடந்தாள். இருவர் தோலும் ஒரே தோல். இருவர் தலைமேலும் காய்ந்தது ஒரே கதிரவன். அப்படியானால், நூறே ஆண்டுகளில் மாறியது எது?

அழகு என்பது கண்ணுக்குத் தோன்றுவது என்று நம்புகிறோம். அந்தக் கண்ணுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியன் யார் என்று கேட்பதில்லை. கேட்டுப் பார்ப்போம், வரலாறு விடை சொல்லும்.

எகிப்து நாட்டுக் கெய்ரோ அருங்காட்சியகத்திலே இணையாக அமர்ந்த இரு சிலைகள் இருக்கின்றன. ஆண் ராஹோத்தெப், பெண் நோப்ரெத். 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வண்ணம் இன்னும் மங்கவில்லை. ஆணின் உடல் செங்கபிலம். பெண்ணின் உடல் வெளிர் மஞ்சள். ஒரே நாட்டார், ஒரே குடும்பத்தார். நிறம் மட்டும் ஏன் இரண்டு? ஆண் வெளியிலே நடமாடுபவன். பெண் வீட்டுக்குள்ளே இருப்பவள் என்ற எண்ணத்தைத்தான் சிற்பி வண்ணமாகத் தீட்டினான். எகிப்தியக் கலை முழுவதிலும் இந்த வழக்கத்தைக் காணலாம். கிரேக்கப் பூச்சாடி ஓவியங்களிலும் பெண்ணுக்கு வெள்ளை, ஆணுக்குக் கருமை. அடைபட்டுக் கிடந்தவளின் நிறமே அழகின் நிறமாக ஆக்கப்பட்டது என்பதை முதற்பாடமாகக் குறித்துக் கொள்ளுங்கள்.

உழவனும் மீனவனும் கல்லுடைப்பவனும் கறுத்தார்கள். உழைக்காமல் உண்டவர்கள் வெளுத்தார்கள். நிழலிலே இருக்க முடிவது செல்வம். அச்செல்வத்துக்கு வெளுப்பே விளம்பரம். மூர் இனத்தாரோடும் யூதரோடும் கலவாத குலம் எங்கள் குலம் என்று சொல்லிக் கொண்ட ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்கள், தங்கள் வெளுத்த தோலினூடே தெரிந்த நரம்பின் நீலத்தைக் காட்டி, 'நீல இரத்தம்' என்று பெருமை பேசினர். இரத்தம் எவருக்கும் சிவப்புத்தான். ஆனால் உழுபவன் கையிலே வெயில் ஏறியிருந்தது. அதனால் அவன் நரம்பு தெரியவில்லை. வெயில் படாத கை உயர்ந்த கை என்பதற்கு இதைவிட வேடிக்கையான சான்று வேண்டுமா?

இயற்கையிலே வெளுப்பில்லாதவர் செயற்கையிலே தேடினர். ஈயத்தகட்டைக் காடியின் ஆவியிலே வைத்து, அதன்மேல் படியும் வெள்ளைப் பொடியைச் சுரண்டி எடுக்கும் முறையைக் கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஈயவெள்ளையை ஏதென்ஸ் நகரத்துப் பெண்கள் முகத்திலே பூசினர். கணவன் ஒருவன் தன் இளம் மனைவியை அப்பூச்சை விடும்படி இணங்க வைக்கும் உரையாடலைச் செனபோன் எழுதினார். அறிவுரை நின்றது ஏட்டிலே. ஈயம் நின்றது முகத்திலே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பூச்சு ஒழியவில்லை.

18-ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தின் பேரழகி என்று கொண்டாடப்பட்டவள் மரியா கன்னிங், கோவென்ட்ரி பிரபுவின் மனைவி. அவள் தெருவிலே நடந்தால் பார்க்கக் கூட்டம் கூடும். அந்த முகத்துக்கு ஈயவெள்ளை பூசினாள். பூச்சு தோலைத் தின்றது. தின்ற புண்ணை மறைக்க மேலும் பூசினாள். 1760-இல் இறந்தாள், முப்பது வயதுகூட நிரம்பவில்லை. நஞ்சை ஊட்டிய கை அவளுடையதே. ஆனால் அந்தக் கைக்கு ஆணையிட்டது எது? வெளுத்த முகமே உயர்குலத்து முகம் என்ற கருத்து!

இப்படி ஆயிரமாயிரம் ஆண்டுகள் அசையாமல் நின்ற கருத்து, திடீரென்று தலைகீழானது. கவிஞனோ ஓவியனோ அதைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தது நீராவி எந்திரம்.

ஆலைகள் எழுந்தன. வயலிலே நின்றவன் சுவருக்குள்ளே நுழைந்தான். மான்செஸ்டர் போன்ற நகரங்களிலே புகை வானத்தை மூடிற்று. 1833-ஆம் ஆண்டுச் சட்டம், நெசவாலைகளில் ஒன்பது வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றும், பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவரிடம் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்றும் விதித்தது. அதைச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னிருந்த நிலையை எண்ணிப் பாருங்கள்! கதிரவன் எழுமுன் உள்ளே போய், விழுந்தபின் வெளியே வந்தவர்களின் முகம் வெளுத்தது. பிரபுவின் நிறம் பாட்டாளியின் நிறமாயிற்று.

அந்த வெளுப்போடு நோயும் வந்தது. கால் எலும்பு வில்லாய் வளையும் ரிக்கெட்ஸ் நோய் நகரக் குழந்தைகளை முடமாக்கிற்று. வார்சா நகரத்துக் குழந்தைகளிடம் இந்நோய் மிகுதி, சிற்றூர்க் குழந்தைகளிடம் குறைவு என்று போலந்து மருத்துவர் ஷ்னியாடெட்ஸ்கி 1822-லேயே கண்டு, வெயிலே மருந்து என்றார். உலகம் செவிசாய்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1903-இல் டென்மார்க்கின் நீல்ஸ் பின்சன், தோலைத் தாக்கும் காசநோயை ஒளியால் ஆற்றியதற்காக நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்தின் லேசான் மலையூரிலே மருத்துவர் ரோலியே, காசநோயாளரை வெயிலிலே படுக்க வைக்கும் மருத்துவமனையைத் திறந்தார். 1919-இல் பெர்லின் மருத்துவர் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதாக் கதிர் விளக்கால் ரிக்கெட்ஸ் நோய் நீங்குவதைக் காட்டினார். வெளுப்பு நோயாளியின் அடையாளமாயிற்று. வெயில் நலத்தின் அடையாளமாயிற்று.

நலம் முதலில் யாரைச் சேரும்? பணமுள்ளவரை! 1923-இல் பாரிஸ் ஆடைக்கலைஞர் கோகோ ஷனேல் உல்லாசப் படகிலிருந்து வெயில் நிறத்தோடு இறங்கினார், அன்றே நாகரிகம் மாறியது என்று ஒரு கதை சொல்வார்கள். தனியொருத்தி இறங்கியதாலா ஒரு கண்டத்தின் கண் மாறும்? ஆலையும் மருத்துவமனையும் முன்னரே வழியமைத்து விட்டன. அவர் அவ்வழியே நடந்தார், அவ்வளவே. குளிர்காலத்தில் மட்டும் பிரெஞ்சுத் தென்கரைக்கு வந்துகொண்டிருந்த செல்வர்கள், 1920-களில் கோடையிலும் வரத் தொடங்கினர். 1927-இல் ஆடைக்கலைஞர் ழான் பத்து, வெயிலிலே கிடப்பவர்க்கென்றே ஓர் எண்ணெயை விற்றார். வெயில் நிறம் இப்போது ஒரு பத்திரம். 'எனக்கு ஓய்வுண்டு, பயணத்துக்குப் பணமுண்டு' என்று தோலிலே எழுதிய பத்திரம்!

1936-இல் பிரான்சிலே லியோன் பிளம் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்க்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் விடுமுறை தந்தது. 1938-இல் பிரிட்டனும் ஊதிய விடுமுறைச் சட்டம் இயற்றியது. கடலையே காணாத தொழிலாளர் குடும்பங்கள் கடற்கரைக்கு வந்தன. போராடிப் பெற்ற வெயில் அது! அதைப் பழிக்க எனக்கு மனம் வராது.

இதுவரை கேட்டவர்கள், 'நல்லதுதானே! வெளுப்பின் ஆட்சி ஒழிந்தது. கருமைக்கு மதிப்பு வந்தது' என்று எண்ணக்கூடும். அப்படி நடந்ததா? 1919-ஆம் ஆண்டு ஜூலை 27-ஐப் பாருங்கள். சிகாகோ நகரம். மிச்சிகன் ஏரிக்கரை. யூஜீன் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பின இளைஞன் நீரிலே மிதந்து, வெள்ளையர் தங்களுடையது என்று கருதிய பகுதிக்குள் சென்றுவிட்டான். நீரிலே கோடு ஏது? கரையிலிருந்து ஒரு வெள்ளையன் கல்லெறிந்தான்; இளைஞன் மூழ்கி மாண்டான். மூண்ட கலவரத்தில் 38 பேர் மடிந்தனர். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தார். ஐரோப்பிய மருத்துவர்கள் 'வெயிலிலே கிடந்து கறுத்து நலம் பெறுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டிலேதான், பிறப்பிலேயே அந்நிறம் பெற்றவனுக்கு ஏரியிலே இடமில்லை என்று உயிர் பறிக்கப்பட்டது!

தென்னாப்பிரிக்காவை நோக்குங்கள். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல், ஒப்பந்தக் கூலிகளை டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. நம் மக்கள் நேட்டாலின் கரும்புக் கொல்லைகளில் வெயிலிலே வெந்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளின் காலத்திலே, 1953-இல், பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் வந்தது. டர்பன் கடற்கரையின் நல்ல பகுதிகளிலே 'வெள்ளையர்க்கு மட்டும்' என்ற பலகை நின்றது. பலகைக்கு அப்பால் வெள்ளை நங்கையர் எண்ணெய் பூசி, மேனியைக் கறுக்க வைத்துக் கொண்டிருந்தனர். பலகைக்கு இப்பால், அவர்கள் விரும்பிய நிறத்தை எண்ணெயின்றியே பெற்றவர்கள் நின்றனர். உள்ளே கால் வைத்தால் குற்றம்! 1989-இல்தான் அக்கரைகள் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. 1990-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

ஆக, இரு கருமைகள் உண்டு. ஒன்று விலைகொடுத்து வாங்கிய கருமை. இரு திங்களில் மங்கி, உடையவனை மீண்டும் ஆளும் இனத்தவனாக்கிவிடும். மற்றொன்று பிறப்போடு வந்த கருமை, அது மங்காது, அதற்கு மன்னிப்பும் கிடையாது. கழற்றி வைக்கக் கூடியது அணிகலன் ஆயிற்று. கழற்ற முடியாதது விலங்காயிற்று. நாகரிகம் மாறியது, ஆதிக்கம் மாறவில்லை.

குழந்தையின் வண்ணப் பெட்டியிலும் இந்த ஆதிக்கம் ஏறி அமர்ந்தது. அமெரிக்க நிறுவனமான கிரயோலா, இளஞ்சிவப்பு வண்ணக் குச்சி ஒன்றுக்குச் 'சதை நிறம்' என்று பெயரிட்டிருந்தது. யாருடைய சதை? 1962-இல் அப்பெயரைப் 'பீச் பழ நிறம்' என்று மாற்றியது. நம் பள்ளிகளில் இன்றும் அந்த இளஞ்சிவப்பைத் 'தோல் நிறம்' என்று கேட்டு வாங்கும் பிள்ளைகளைக் காண்கிறேன். குச்சியைப் பிடித்திருக்கும் அந்தச் சிறு விரல்களின் நிறம் வேறு!

அறிவியல் என்ன சொல்கிறது? தோலின் நிறம் மெலனின் என்ற பொருளின் அளவையும் வகையையும் பொறுத்தது. அதை ஆக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இன மக்களுக்கும் ஏறத்தாழ ஒன்றே. வெயிலிலே வெள்ளைத் தோல் கறுப்பது, கதிரின் தாக்குதலுக்கு எதிராக உடல் பிடிக்கும் கேடயம். பட்ட காயத்தின் அடையாளம். ஆஸ்திரேலியா 1981-லேயே சட்டையும் தொப்பியும் களிம்பும் இன்றி வெயிலிலே செல்லாதீர் என்று மக்களிடம் இயக்கம் நடத்தியது. மேனியைக் கறுக்க வைக்கும் விளக்குப் படுக்கைகள் புற்றுநோய் தருபவை என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2009-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அவ்வாண்டே பிரேசில் அவற்றைத் தடை செய்தது. அன்று வெளுப்புக்காக மரியா உயிரைக் கொடுத்தாள். பின்னர் கருமைக்காகப் பலர் உடலைக் கொடுத்தனர்.

இங்கே, நம் நாட்டிலே, பழைய விடையே இன்னும் விற்பனையாகிறது. 1975-இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'பேர் அண்ட் லவ்லி' என்ற களிம்பைக் கொண்டுவந்தது. 45 ஆண்டுகள் கழித்து, 2020-இல், உலகெங்கும் நிறவெறிக்கு எதிராக மக்கள் தெருவிலே திரண்ட பிறகு, பெயரிலிருந்த 'வெளுப்பை' எடுத்துவிட்டு 'ஒளி' என்று மாற்றியது. பிரெஞ்சு நிறுவனமான லோரியாலோ, ஐரோப்பியர்க்கு மேனியைக் கறுக்க வைக்கும் பூச்சையும் ஆசியர்க்கு வெளுக்க வைக்கும் பூச்சையும் விற்றுவந்தது. வாங்குபவன் தன் தோலை வெறுத்தால் போதும். வணிகனுக்கு எந்த நிறமும் ஒன்றே! மலிவான களிம்புகள் சிலவற்றிலே பாதரசம் கலக்கிறார்கள். கேரளத்து மலப்புரம் மாவட்டத்திலே அத்தகைய களிம்பு பூசியவர்கள் சிறுநீரக நோயோடு மருத்துவமனைக்கு வந்ததை 2023-இல் மருத்துவர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். அன்று ஈயம், இன்று பாதரசம். கோவென்ட்ரிச் சீமாட்டி சாகவில்லை, தோழர்களே! நம் தெருவிலே வாழ்கிறாள்.

'வெளுப்பை விரும்புவது மனித இயல்பு' என்பாரும் உண்டு. அவர்கள் சங்கப் பாடல்களைப் புரட்டட்டும். அங்கே தலைவியின் அழகு மாமை, மாந்தளிரின் மேனி. காதலன் பிரிந்தபோது அந்நிறம் கெட்டு வெளிறிப் படர்வது பசலை; அதனை நோயாகப் பாடினர். வள்ளுவர் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, பத்துக் குறளிலும் அந்த வெளிறிய நிறத்தின் துயரைப் பேசுகிறார். பசலையை விலை கொடுத்து வாங்கிப் பூசும் நாள் வரும் என்று அப்புலவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

கொண்டாடப்படும் நிறம் எதுவென்று காட்டுங்கள். அக்காலத்தில் ஓய்ந்திருந்தவன் யாரென்று சொல்லிவிடலாம். பழிக்கப்படும் நிறம் எதுவென்று காட்டுங்கள். உழைத்துத் தேய்ந்தவன் யாரென்று சொல்லிவிடலாம். இதை அறிந்த இளைஞன், மணமகள் தேடும் விளம்பரத்திலே 'சிவந்த நிறம்' என்று தன் பெயரால் எழுத இசையலாமா? இதை அறிந்த நங்கை, பிறந்த குழந்தையைக் கையிலேந்தியதும் காதோரத்தைத் திருப்பி நிறம் பார்க்கலாமா? 2009-இல் சென்னையிலிருந்தே 'கருமையே அழகு' என்ற இயக்கம் எழுந்தது. அக்குரல் மேடையோடு நின்றுவிடக் கூடாது. திருமணப் பேச்சு நடக்கும் திண்ணைக்கும், குழந்தைக்குப் பெயர் சூட்டும் கூடத்துக்கும் போக வேண்டும்.

வெயில் எவரையும் இழிவுபடுத்தியதில்லை. இழிவை எழுதியவன் மனிதன். எழுதியவன் கையாலேயே அதை அழித்துவிடலாம்.