நாணயக் கணக்கும் குதிரை விலையும்

ஒரு பையில் 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்கள் மொத்தம் 25 இருக்கின்றன. மதிப்பு 80 ரூபாய். எது எத்தனை? பள்ளி இயற்கணிதத்தில் அடிக்கடி வரும் கணக்கு இது. "எக்ஸ் என்க" என்றதுமே பலருக்குப் பயம் வந்துவிடும். ஆனால் இதன் பழைய விதிகள் காசு, கடன், கொடுக்கல் வாங்கல் பேச்சில்தான் சொல்லப்பட்டன!

கி.பி. 499-ல் 23 வயதாக இருந்தவர் ஆரியபட்டர். அவருடைய ஆரியபட்டீயத்தில் ஒரு விதி உண்டு. இருவரின் செல்வம் சமம். இருவரிடமும் விலை தெரியாத ஒரே பொருள் வெவ்வேறு எண்ணிக்கையில் இருக்கிறது. கூடவே கொஞ்சம் காசும் இருக்கிறது. காசு வித்தியாசத்தைப் பொருள் வித்தியாசத்தால் வகுத்தால் விலை கிடைக்கும். தெரியாததை அவர் 'குளிகா' என்றார், காசை 'ரூபகம்' என்றார்.

628-ல் பிரம்மகுப்தர் கூட்டல் எண்ணைத் 'தனம்' (செல்வம்) என்றும், கழித்தல் எண்ணை 'ருணம்' (கடன்) என்றும் அழைத்து, இரண்டுக்கும் விதிகள் வகுத்தார்.

12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் கேட்ட கணக்கு இது: ஒருவனிடம் 6 குதிரைகளும் 300 காசும் உள்ளன. மற்றவனிடம் 10 குதிரைகள், ஆனால் 100 காசு கடன். இருவரின் செல்வமும் சமம். குதிரை விலை என்ன?

தெரியாத எண்ணுக்கு அவர் வைத்த பெயர் 'யாவத்தாவத்', சுருக்கமாக 'யா'. எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். இன்றைய குறிகளில் எழுதினால்:

6 யா + 300 = 10 யா − 100
4 யா = 400
யா = 100

கடனும் ஓர் எண் என்று ஏற்றதால்தான் 300-க்கும் 'கடன் 100'-க்கும் வித்தியாசம் 400 ஆயிற்று. வெறும் 100 என்று எடுத்தால் வித்தியாசம் 200, விலை 50. அப்போது ஒருவனிடம் 600, மற்றவனிடம் 400, சமம் வராது.

இனி அந்தப் பைக்கு வருவோம். 25-ம் 2 ரூபாய் என்றால் மதிப்பு 50 தான், 30 குறைகிறது. ஒரு 2 ரூபாயை எடுத்து 5 ரூபாய் வைத்தால் 3 கூடும். 30-ஐ 3-ஆல் வகுத்தால் 10. ஆக 5 ரூபாய் 10, 2 ரூபாய் 15. இங்கும் ஒரு வித்தியாசத்தை இன்னொரு வித்தியாசத்தால் வகுப்பதுதான் வழி!

சொத்திலிருந்து கடனைக் கழித்து நிகர மதிப்பு காணும் வணிகவியல் மாணவருக்கு அந்தக் குதிரைக்காரர்கள் அந்நியர்கள் அல்லர். இருவரின் நிகர மதிப்பும் 900.