ஒரு டன் குண்டு, இருபது டன் பெட்ரோல்

வானில் எழுதிய வரலாறு – 17

1944 ஆகஸ்ட் 10. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடா விமானதளத்தில் அமெரிக்காவின் பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ் குண்டுவீச்சு விமானங்கள் வரிசைகட்டி நின்றன. பொழுது சாயும் நேரத்தில் 54 விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. இலக்கு, சுமத்ரா தீவில் பாலெம்பாங் நகரத்தை அடுத்து மூசி ஆற்றங்கரையில் இருந்த பிளாஜு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. போய்வர 3,855 மைல், ஏறத்தாழ 6,200 கிலோமீட்டர். வழியில் இறங்க ஒரு சாண் இடம் கிடையாது. அத்தனையும் கடல், கடலைத் தாண்டினால் எதிரியின் தீவு.

வரலாற்று நூல்களில் ‘ஆபரேஷன் பூமராங்’ என்ற இந்தத் தாக்குதலுக்கு ஒரு பத்தி கிடைத்தாலே பெரிது. 39 விமானங்கள் பாலெம்பாங் வட்டாரத்தை எட்டின. 31 விமானங்கள் ஆலைமீது குண்டு வீசின. 8 விமானங்கள் ஆற்றில் கண்ணிவெடிகளைப் போட்டன. ஆலைக்குச் சேதம் சொற்பம். கதை முடிந்தது.

அந்த ஒரு பத்திக்குள் சுமார் பதினெட்டு மணி நேரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தே தீருவது என்று ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டு மேசையில் கம்ப்யூட்டரும் ஜாய்ஸ்டிக்கும் வைத்துக்கொண்டு, இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சுப் பயணங்களை அதே வழியில், அதே எடையில், அதே நேரக் கணக்கில் மறுபடியும் பறந்து பார்க்கும் சிமுலேட்டர் பிரியர்கள். ‘விளையாட்டுப் பிள்ளைகள்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆவணங்கள் சொல்லாமல் விட்ட சிலவற்றை அவர்களின் விளையாட்டு சொல்லிவிடுகிறது.

எண்ணெய்க்கு அருகிலிருந்து எண்ணெயை நோக்கி

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதையும், சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களில் ஒன்று பற்றி எரிந்ததையும் சென்ற வாரம் பார்த்தோம். இரண்டே ஆண்டில் காட்சி தலைகீழானது. அந்தக் குதங்களுக்குப் பக்கத்திலிருந்தே ஜப்பானின் எண்ணெயைக் குறிவைத்து விமானங்கள் கிளம்பின.

பாலெம்பாங்கை ஜப்பானியர்கள் 1942 பிப்ரவரியில் பாராசூட் படையை இறக்கிக் கைப்பற்றியிருந்தார்கள். அவர்களின் விமானங்களும் கப்பல்களும் குடித்த எரிபொருளில் கணிசமான பங்கு அங்கிருந்துதான் போனது. பி-29 விமானங்களின் தாய்த்தளங்களோ வங்காளத்தில், கரக்பூர் சுற்றுவட்டாரத்தில் இருந்தன. அங்கிருந்து பாலெம்பாங் போய்த் திரும்ப எரிபொருள் போதாது. ஆகவே இலங்கையைப் படிக்கல்லாகப் பிடித்தார்கள். சீனக்குடா ஓடுதளம் 7,200 அடிக்கு நீட்டப்பட்டது. 56 விமானங்கள் நிற்க இடம் ஒழுங்கு செய்யப்பட்டது.

விமானத்துக்கு ஒரு டன் குண்டு. பி-29 அதைவிடப் பல மடங்கு சுமக்கக்கூடிய விமானம். பின்னே ஏன் ஒரே ஒரு டன்? சிமுலேட்டரில் இந்தப் பயணத்தைப் பறக்க உட்காருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான். எரிபொருளை நிரப்பி, குண்டின் எடையையும் ஏற்றிப் பார்க்கும்போது விடை தானாக வருகிறது. பி-29 சராசரியாக மணிக்குச் சுமார் 1,500 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். பதினெட்டு மணி நேரத்துக்கு 27,000 லிட்டர். எடையில் ஏறக்குறைய 20 டன். ஒரு டன் குண்டைக் கொண்டுபோய்ப் போட இருபது டன் பெட்ரோல்! இதற்குமேல் ஒரு குண்டு ஏற்றினாலும் அதன் எடைக்குப் பெட்ரோலை இறக்க வேண்டும். பெட்ரோலை இறக்கினால் வீடு திரும்ப முடியாது.

போர்க்காலத்திலேயே பிறந்த பொய்வானம்

தரையில் உட்கார்ந்து வானத்தில் பறக்கும் வித்தை கம்ப்யூட்டருக்கு முந்தியது. அமெரிக்காவில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க், அந்தக் கருவியின் துருத்திகளைக் கொண்டே 1920-களின் இறுதியில் ஒரு பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால் பெட்டி சாயும், திரும்பும். ஆரம்பத்தில் கேளிக்கைப் பூங்காக்கள் வாங்கின. 1934-இல் அஞ்சல் சுமந்த ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து இறந்தபோதுதான் ராணுவம் விழித்துக்கொண்டு ஆறு பெட்டிகள் வாங்கியது. போர் மூண்டதும் அவை ஆயிரக்கணக்கில் தயாராயின.

லிங்க் அதோடு நிற்கவில்லை. இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும் பயிற்சிக்காக 45 அடி உயரக் கூண்டு ஒன்றைக் கட்டினார். மேலே நட்சத்திரங்கள் பதித்த குவிமாடம். நடுவில் விமான உடல். கீழே நகரும் நிலக்காட்சி. நேரம் போகப் போக, ‘விமானம்’ நகர நகர, நட்சத்திரங்களும் அதற்கேற்ப இடம் மாறும். குண்டுவீச்சுக் குழுவினர் தரையை விட்டு எழும்பாமலே முழு இரவுப் பயணத்தை ஒத்திகை பார்த்தார்கள். ஆக, அன்றைய பயணத்தை இன்று சிமுலேட்டரில் பறக்கிறவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. அன்று ஒத்திகை முதலில் வந்தது, பயணம் பிறகு வந்தது. இன்று வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவே.

வீட்டுக்கு இந்த வித்தை வந்தது 1980 வாக்கில். புரூஸ் ஆர்ட்விக் எழுதிய நிரல், கோடுகளால் ஆன மலையையும் ஓடுதளத்தையும் ஆப்பிள் கம்ப்யூட்டர் திரையில் காட்டியது. 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வந்த ‘ஃப்ளைட் சிமுலேட்டர்’ அதன் வழித்தோன்றல். 2020-இல் வெளிவந்த பதிப்பில் செயற்கைக்கோள் படங்களால் ஆன பூகோளம் முழுவதும் இருக்கிறது. சீனக்குடாவும் இருக்கிறது, பாலெம்பாங்கும் இருக்கிறது.

கடல்மேல் ஒரு பாகை

வரலாற்றுப் பயணங்களை மறுபடி பறக்கிறவர்கள் அதிகம் நாடுவது சினிமாவால் பெயர்பெற்ற தாக்குதல்களை. 1942 ஏப்ரலில் ஹார்னெட் கப்பலிலிருந்து 16 பி-25 விமானங்கள் டோக்கியோ நோக்கிப் பறந்த டூலிட்டில் தாக்குதல், 1943 மே மாதத்தில் 19 லங்காஸ்டர் விமானங்கள் ஜெர்மனியின் அணைகளைக் குறிவைத்த தாக்குதல் போன்றவை. பாலெம்பாங் பக்கம் வருகிறவர்கள் குறைவு. வந்தால் பொறுமை வேண்டும்.

முதல் வேலை, கருவிகளைக் களைவது. ஜிபிஎஸ் கூடாது, திரையில் ஓடும் வரைபடம் கூடாது. தேதியை 1944 ஆகஸ்ட் 10 என்று வைக்க வேண்டும். பௌர்ணமி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது; தேய்பிறை நிலவு நள்ளிரவை ஒட்டித்தான் எழும். அதுவரை கும்மிருட்டு. திசைகாட்டி, கடிகாரம், வேகம், காற்றின் போக்கு, வானத்தில் தெரிந்தால் நட்சத்திரம், இவ்வளவுதான் துணை.

சீனக்குடாவிலிருந்து சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள சிபெருட் தீவுவரை நேர்கோடு. சுமார் 2,250 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு துண்டு நிலம் கண்ணில் படாது. திசையில் ஒரே ஒரு பாகை பிசகினால், சிபெருட்டை எட்டும் நேரத்தில் 40 கிலோமீட்டர் தள்ளிப் போயிருப்போம். அங்கிருந்து பாலெம்பாங் நோக்கித் திரும்பினால் குறுக்கே புக்கிட் பாரிசான் மலைத்தொடர். வழிக்குச் சற்று வடக்கே 3,805 மீட்டர் உயரக் கெரிஞ்சி எரிமலை இருட்டில் நிற்கிறது. 40 கிலோமீட்டர் பிழைக்கு என்ன விலை என்பது அந்த இடத்தில் விளங்கும். நூலில் ‘சிபெருட் வழியாகச் சென்றன’ என்று மூன்று சொல்லில் கடந்துபோகிற சேதி அது.

முதுகு காட்டி உட்கார்ந்தவர்

பி-29 குழுவில் பதினொரு பேர். சிமுலேட்டரில் இவர்கள் அத்தனை பேரின் வேலையும் ஒரே ஆள் தலையில். அதில் கழுத்தைப் பிடிக்கும் வேலை விமானியுடையது அல்ல, ஃப்ளைட் இன்ஜினியருடையது. துணை விமானிக்குப் பின்னால், விமானம் போகும் திசைக்கு முதுகைக் காட்டி, ஒரு சுவர் நிறைய முள்காட்டிகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் அவர்.

அவர் முன்னால் நான்கு இன்ஜின்களின் கதையும் ஓடுகிறது. ஒவ்வொன்றும் 18 சிலிண்டர், 2,200 குதிரைசக்தி கொண்ட ரைட் ஆர்-3350. சக்தி உண்டு; சூடு தாங்காது. தீப்பிடித்து விமானத்தையே கொண்டுபோன சம்பவங்கள் பல. அதனால் அறுபது டன் எடையோடு ஓடுதளத்தை விட்டு எழும்பியதும் மேலே ஏறத் துடிக்கக் கூடாது. தாழவே பறந்து வேகம் பிடிக்க வேண்டும். எதிர்க்காற்றுதான் இன்ஜினைக் குளிர்விக்கும். இன்ஜின் மூடியின் ஓரத்துத் தகடுகளைத் திறந்தால் சூடு இறங்கும். ஆனால் அந்தத் தகடுகளே காற்றில் முட்டி வேகத்தைக் குறைக்கும், பெட்ரோலைத் தின்னும். மூடினால் பெட்ரோல் மிச்சம், முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகரும். ஒரு விரற்கடை திற, முள்ளைப் பார், அரை விரற்கடை மூடு, மறுபடி பார். நான்கு இன்ஜினுக்கும் இதே பாடு, இரவு முழுக்க.

பெட்ரோல் தீரத் தீர விமானம் இலேசாகும். இலேசாக ஆக, இன்ஜினின் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். குறைக்க மறந்த அரை மணி நேரம் விடிந்த பிறகு கடலில் கணக்குக் கேட்கும். அந்த இரவில் ஒரு பி-29 எரிபொருள் தீர்ந்து, சீனக்குடாவை எட்ட நூறு மைல்கூட இல்லாத இடத்தில் கடலில் இறங்கியது. வழிநெடுக நிறுத்தப்பட்டிருந்த பிரிட்டிஷ் மீட்பு ஏற்பாட்டால் ஒரு துப்பாக்கி வீரர் தவிர மற்றவர்கள் பிழைத்தார்கள். 6,200 கிலோமீட்டரில் குறைந்துபோனது கடைசி நூறு மைல்.

நேரத்தை முடுக்கும் பொத்தான்

சிமுலேட்டரில் ஒரு வசதி உண்டு. நேரத்தை 2 மடங்கு, 4 மடங்கு, 16 மடங்கு என்று முடுக்கலாம். கடல்மேல் எட்டு மணி நேரம் சும்மா உட்கார யாரால் முடியும்? பெரும்பாலோர் முடுக்கிவிட்டு, இலக்கு நெருங்கும்போது பழைய வேகத்துக்கு வருகிறார்கள். வரலாறு எழுதுகிறவர்களும் காலங்காலமாக இந்தப் பொத்தானைத்தான் அழுத்தி வருகிறோம். கிளம்பினார்கள், வீசினார்கள், திரும்பினார்கள். இலக்கின்மேல் கழிந்த சில நிமிடங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். மிச்சம் பதினெட்டு மணி நேரம் காற்புள்ளியில் அடங்கிவிடுகிறது.

முடுக்காமல் பறக்கிறவருக்குத் தெரியவருவது வேறு. பாலெம்பாங்கின் முடிவு பாலெம்பாங்கில் தீர்மானிக்கப்படவில்லை. ஏன் ஒரு டன் குண்டு, ஏன் அணிவகுப்பு இல்லாமல் தனித்தனியாகப் பறந்தார்கள், கிளம்பிய 54-இல் ஏன் 15 விமானங்கள் அந்த வட்டாரத்துக்கே வந்து சேரவில்லை என்ற கேள்விகளுக்கு ஜப்பானியப் பீரங்கியில் தேடினால் பாதி பதில்கூடக் கிடைக்காது. பெட்ரோல் கணக்கில் தேட வேண்டும். அணிவகுப்பில் இடம் பிடித்துப் பறப்பதற்கே கூடுதல் எரிபொருள் செலவாகும்; அந்த ஆடம்பரத்துக்கு அன்று இடமில்லை.

சரி, சிமுலேட்டர் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறதா? இலக்கை நெருங்கும்போது அதன் குட்டு வெளிப்பட்டுவிடும். திரையில் பாலெம்பாங் ஒளிவெள்ளமாகத் தெரியும். 1965-இல் திறக்கப்பட்ட அம்பெரா பாலம் மூசி ஆற்றின்மேல் நிற்கும். 1944-இல் மேகம் மூடிய வானத்தில் பலர் ரேடாரை நம்பித்தான் வீசினார்கள். வீட்டுச் சிமுலேட்டர்கள் பலவற்றில் குண்டு வெடிப்பதுகூட இல்லை. சுமைப் பட்டியலில் ஒரு டன் குறையும், விமானம் சற்றே மேலெழும், அத்தோடு சரி. ஆலையில் இரவு வேலைக்கு வந்திருந்தவர்கள் அந்தக் கணக்கில் எங்கும் கிடையாது.

இது மென்பொருளின் குறை மட்டும் அல்ல. போரை நடத்தியவர்களின் பேரேட்டிலும் குண்டுக்கு இருந்த முதல் அடையாளம் எடைதான்: இத்தனை டன் ஏற்றப்பட்டது, இத்தனை டன் வீசப்பட்டது. மேலே இருந்தவர்கள் பார்த்ததைச் சிமுலேட்டர் உண்மையாகக் காட்டுகிறது. அவர்கள் பார்க்காததையும் அதே உண்மையோடு மறைக்கிறது. கீழே இருந்தவர்களின் இரவை அறிய வேறு சாட்சிகளைத் தேடியே ஆக வேண்டும்.

ஆலையில் ஒரே ஒரு கட்டடம் அழிந்தது மட்டுமே பின்னர் உறுதியானது. ஆயிரம் அடிக்கும் கீழே இறங்கி எட்டு விமானங்கள் ஆற்றில் போட்ட கண்ணிவெடிகள்தான் உருப்படியான பலன் தந்தன. கப்பல்கள் மூழ்கின, எண்ணெய்ப் போக்குவரத்து சிறிது காலம் தடைப்பட்டது. அமெரிக்க விமானப்படை அதன்பின் பாலெம்பாங்கின் எண்ணெய் ஆலைகள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சீனக்குடாவிலிருந்து போய்வரும் கணக்கு கட்டுப்படியாகாது என்று ஒரே இரவில் தெரிந்துவிட்டது.

அப்படியானால் ஆலையைப் பக்கத்திலிருந்தே தாக்க வேண்டும். ஓடுதளத்தையே அங்கே கொண்டுபோக வேண்டும். 1945 ஜனவரி 16 அன்று அதே திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து நான்கு பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல்கள் புறப்பட்டன. அவை பாலெம்பாங்கில் செய்தது என்ன, அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)